துரை ஏறாத கார்

தம்போயில் பழைய கார் விற்கும் கடையில் முப்பத்திரண்டு வருடம் நின்றவன் நான். உட்கார்ந்தவன் என்று சொல்லவில்லை. விற்பவனுக்கு நாற்காலி போட்டால் கார் விற்காது என்பது எங்கள் முதலாளி தவுக்கேயின் கொள்கை. இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னார். எப்படிச் சிரிப்பது, எப்படி விலை பேசுவது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அதெல்லாம் உங்களுக்கே தெரிகிறது. நான் அவருடன் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் வெளியே நீங்கள் மூன்று காரைக் காட்டினீர்கள். மூன்றையும் லேடி டாக்டர்தான் ஓட்டியதாகச் சொன்னீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த லேடி டாக்டரை இந்தக் கடைக்கு அழைத்து வந்ததே நான்தான். ஜொகூரில் நாங்கள் விற்ற கார்களையெல்லாம் உண்மையிலேயே லேடி டாக்டர்கள் ஓட்டியிருந்தால், இந்த ஊரில் எவனும் மருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. எனக்குத் தொழில் பழக்கிய மூத்தவர் ஒருவர், காரைப் பற்றிப் பேசாதே, அதை வைத்திருந்த ஆளைப் பற்றிப் பேசு என்பார். காய்கறி லாரி ஒன்றைத் தலைமையாசிரியர் ஓட்டியதாகச் சொல்லி விற்ற மனிதர் அவர். அவர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன். மற்ற எந்தக் காரைப் பற்றியும் எழுதப் போவதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கூலாயிலிருந்து கனகசபை என்ற பெரியவர் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கடை வாசலில் நிறுத்தினார். இங்கிலாந்தில் செய்த பழைய சொகுசுக் கார். கரும்பச்சை நிறம். உள்ளே பளபளவென்று மரப்பலகை, சிவப்புத் தோல் இருக்கைகள். பின்னால் உட்காருபவர் தேநீர்க் கோப்பை வைத்துக்கொள்ள மடக்கு மேசைகூட இருந்தது. அரை நூற்றாண்டுக் கார் என்று யாரும் நம்பமாட்டார்கள். துரு இல்லை, கீறல் இல்லை, சாவியைத் திருகியதும் முனகாமல் கிளம்பியது. தினமும் பழைய காரைப் புதுசு போலத் தள்ளிவிடும் எங்களுக்கு, ஒரு பழைய கார் நிஜமாகவே புதுசு போல இருந்தது பெரிய அதிர்ச்சி.

கனகசபை யாழ்ப்பாணத்துக் குடும்பம். கூலாய் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் டிரெஸர்தான். ஆங்கிலேய ராணுவம் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது, ஊருக்குப் போகும் அதிகாரி ஒருவரிடமிருந்து இந்தக் காரை வாங்கியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் காருக்கே கொடுத்துவிட்டார். இப்போது எண்பது தாண்டிவிட்டது, கண் சரியில்லை, ஈப்போவில் அண்ணன் மகளோடு போய் இருக்கப் போகிறார். அங்கே அடுக்குமாடி வீடு, காரை நிறுத்த நிழல் கிடையாது.

"தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுறன், கவனமாக் கேளும்" என்றார். "இந்தக் காரை வெட்டிப்போடக் கூடாது. முழுசா ஒருத்தர் கொண்டுபோக வேணும். மற்றது, ஆர் வைச்சிருந்ததெண்டு ஆரும் கேட்டால் என்ரை பேரைச் சொல்லும். வேற ஒண்டும் சோடிக்க வேண்டாம்."

"விலை எப்படிங்க ஐயா?"

"அதை நீர் பாத்துச் செய்யும்."

என் வாழ்நாளில் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் கார் விற்க வந்த ஒரே மனிதர் அவர்தான். அதிலேயே நான் பயந்திருக்க வேண்டும்.

காரைப் பார்க்க ஊரே வந்தது. வாங்கத்தான் யாரும் வரவில்லை. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்து, அண்ணே, ஒரு பத்து நிமிஷம் என்று கெஞ்சி, பானெட்டில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மனிதர் ஞாயிறு தோறும் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து, மடக்கு மேசையை விரித்துப் பேப்பர் படித்துவிட்டு, மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போவார். அவருக்கு மனைவி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உண்மையாகவே வாங்கும் எண்ணத்தோடு வந்த நாலைந்து பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். யார் வைத்திருந்தது?

தோட்டத்து டிரெஸர் என்பேன். முகம் விழுந்துவிடும். "டிரெஸரா? ஊசி போடுறவரு எப்படிண்ணே இந்த மாதிரி கார் வச்சிருந்தாரு?" என்று ஒருவர் சந்தேகப்பட்டார். இன்னொருவர் கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மருந்து வாடை அடிக்குதுலா" என்றார். அதுவரை அவர் அந்தத் தோல் வாசனையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் ஓடியது. தவுக்கேயின் பொறுமை முடிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் பெரியவருக்கு ஒரு விலை போட்டுத் தந்துவிட்டு, பக்கத்துப் பட்டறையில் கொடுத்து வெட்டிவிடலாம் என்றார். ஆளும் பார்த்து வைத்திருந்தார். புதிதாகக் காப்பிக்கடை திறக்கும் ஒருவருக்கு முன்பாதி வேண்டுமாம், சுவரில் பதித்து விளக்குப் போடுவாராம். மரப்பலகையில் பலகாரத் தட்டு செய்யலாமாம். அந்த மனிதர் தையல்காரர் போல டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, உயிரோடு நிற்கும் காரின் கழுத்தை அளந்துவிட்டுப் போனார். கனகசபைக்குப் போன் செய்து காரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டுச் சாமான்களை ஏற்கெனவே லாரியில் அனுப்பிவிட்டிருந்தார், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அன்று மத்தியானம் ஒரு பெரிய அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, காரின் முன்கண்ணாடியில் செருகினேன். தோட்டத்தின் பெயரைப் போட்டு, அதன் கடைசி வெள்ளைக்காரத் துரையின் கார் என்று எழுதியிருந்தேன். பெரியவர் சொன்ன முதல் விஷயத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதைத் தின்றுவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் அது. நல்ல நியாயமாகவே தோன்றியது. பொய் சொல்கிறவனுக்கு நியாயம் கிடைக்காத நாளே கிடையாது.

நாலாவது நாள் மணிமாறன் வந்தார். செனாய் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து விடும் குத்தகைக்காரர். நாற்பது சொச்சம் வயது, விரல்களில் மோதிரம், பாக்கெட்டில் மூன்று பேனா. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக் குடும்பம், இவர் கைப்பிள்ளையாக இருக்கும்போதே வெளியேறியவர்கள். அட்டையை இரண்டு முறை படித்தார்.

"எங்க தாத்தா இந்தக் காரு வந்தா சைக்கிளை விட்டு எறங்கி ஓரமா நிப்பாராம்ணே. கார் மறையுற வரைக்கும் ஏற மாட்டாராம்."

"எறங்காட்டி துரை விட்டுருவாரா?" என்றேன். வாய் தானாகவே வேலை செய்தது.

அவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன்சீட்டுக்குப் போகவே இல்லை. ஓட்டிப் பார்க்கவில்லை, எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. "இப்ப நான் உக்காருறேன். அவன் அவன் எறங்கி நிக்கட்டும்" என்றார். யார் இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரிடம் வேலை செய்யும் ஆட்கள் அறுபது பேர் இரண்டு கடைவீட்டு மாடியில் தங்கியிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கார் உரிமை அட்டையை இங்கே கிராண்ட் என்போம். அதில் கனகசபை பெயர்தானே இருக்கிறது? அதைப் பார்த்ததும் கேட்டார். என் பொய்க்கு உடனே மாடி கட்டினேன். துரை சீமைக்குப் போகும்போது நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்துவிட்டுப் போனார், டிரெஸர் இத்தனை வருடம் காவல் காத்தார் என்றேன். மணிமாறனுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. பேச்சு முடிந்தது. நல்ல நாள் பார்த்துக் கடையிலேயே பூஜை போட்டுவிட்டு, பிறகு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் பெரியவரும் அவரும் கட்டைவிரல் வைத்துப் பெயர் மாற்றுவதாக ஏற்பாடு.

அந்த நாள் காலையில் நானே கூலாய் போய்ப் பெரியவரை அழைத்து வந்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அட்டையை விடியற்காலையிலேயே கழற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டிருந்தேன், இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அடுத்த வளைவில் தோன்றியது. அப்படியே தம்போய் வந்துவிட்டது.

குருக்கள் காரின் நெற்றியில் சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மணிமாறன் பட்டு ஜிப்பாவில் வந்தார். கூடவே தட்டு ஏந்தி அவருடைய அக்கா. பார்வதி என்று பெயர், வயது ஐம்பது தாண்டியிருக்கலாம், தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறவர். தம்பிக்குத் தொழிற்சாலைகளே வாடிக்கையாளர்கள், அக்கா அதில் ஒன்றில் சோறு வடிக்கிறார். அதை அவர்கள் இருவருமே விசித்திரமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்தம்மா காரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

"டிரெஸர் ஐயாதானே? நான் பத்தாம் நம்பரு லயத்து ராக்காயி மக."

பெரியவருக்குப் பிடிபடவில்லை. "ராக்காயியோ?"

"மழையில பாலம் ஒடைஞ்சிச்சே, அன்னைக்கு. எங்கம்மாவுக்கு வலி எடுத்து ரத்தமா போச்சு. எங்கப்பா மொதல்ல துரை பங்களாவுக்குத்தான் ஓடுனாரு. துரை காரு போர்ட்டிக்கோவுலதான் நின்னுச்சு. துரை சாப்புட்டுக்கிட்டு இருக்காருன்னு காவலுக்கு நின்ன ஜாகா தொரத்திட்டான். அப்புறம் நீங்க இந்தக் காரை எடுத்துக்கிட்டு வந்தீங்க. நான் முன்னாடி ஒக்காந்து விளக்கைப் புடிச்சிக்கிட்டு வந்தேன், எனக்கு ஒம்பது வயசு. மண்ணு ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள இவன் பொறந்துட்டான். இந்தா, இந்தப் பின்சீட்டுலதான்."

பெரியவர் மெல்லத் தலையை ஆட்டினார். "ஓம், ஓம். அந்தப் பெடியனோ? அந்தச் சீற்றைக் கழுவி எடுக்க எனக்கு ரெண்டு நாள் பிடிச்சது." மணிமாறனை ஏற இறங்கப் பார்த்து, "வளந்திட்டார்" என்றார்.

மணிமாறன் என் பக்கம் திரும்பினார். "என்னண்ணே இது? துரை காருன்னு சொன்னீங்க?"

தம்பிகளா, தங்கச்சிகளா, நெருக்கடியில் புத்தி வேலை செய்ய வேண்டும் என்பார்கள். என் புத்தி அன்று நன்றாகவே வேலை செய்தது, அதுதான் அசிங்கம். வாசலுக்கு அந்தப் பக்கம் வெட்டும் பட்டறை தெரிந்தது. தவுக்கே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விடும் நேரத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. "துரை காலத்துக் காருன்னுதானே சொன்னேன்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. கோபம்கூட இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மணிமாறன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது என்ரை கார். ஒரு துரையும் இதிலை ஏறினதில்லை. உமக்கு வேணுமெண்டால் வாங்கும், வேண்டாமெண்டால் விடும். ஆனால் பிழையாச் சொல்லி நான் விக்க மாட்டன்."

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம்தாங்க இருக்கு" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மணிமாறன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பார்வதி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ பொறந்த எடம்டா, பாரு" என்றார். அந்த மனிதர் குனிந்து சீட்டில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு வந்து பெரியவரின் காலில் விழுந்தார், பட்டு ஜிப்பாவெல்லாம் தரை எண்ணெய். நான் அழுதேன். தவுக்கேகூட வெளியே வந்து மூக்கைச் சிந்தினார். சக்கரம் நகர்ந்து எலுமிச்சம்பழம் நசுங்கியபோது, அந்த வாசனையில் என் பொய்யும் சேர்ந்து நசுங்கிப் போனதாக நம்பினேன்.

அலுவலகத்தில் கட்டைவிரல் வைத்த பிறகு பெரியவர் மணிமாறனின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சொன்ன அதே இரண்டையும் சொன்னார். வெட்டக் கூடாது, கேட்டால் யாருடைய கார் என்று சொல்ல வேண்டும். "சத்தியமா ஐயா" என்றார் மணிமாறன். அப்போது உண்மையாகவே சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அழைப்புப் பத்திரிகை வந்தது. மணிமாறனுக்குச் சேவைச் செம்மல் பட்டம் வழங்கும் விழா. வழங்குவது ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குத் தலைவர் மணிமாறன். எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. மண்டப வாசலில் காரை நிறுத்திச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் பித்தளைத் தகடு. தோட்டத்தின் கடைசித் துரையின் கார், இதில்தான் செம்மல் அவர்கள் பிறந்தார்கள் என்று பொறித்திருந்தது. மேடையில் அவரே விரிவாகப் பேசினார். கொட்டும் மழையில் துரை சாப்பாட்டில் பாதியில் கைகழுவி எழுந்து வந்தாராம். தானே காரை ஓட்டினாராம். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கி, இவன் பெரிய ஆளாக வருவான் என்று இங்கிலீஷில் சொன்னாராம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் கட்டியதெல்லாம் ஒரு மாடிதான். அவர் அதன் மேல் கோபுரமே வைத்துவிட்டார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் பார்வதி அக்கா உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவன்கிட்ட நேத்தே சண்டை போட்டேன். சபையில டிரெஸர்னு சொன்னா எடுபடாதுக்கான்னு சொல்றான்" என்றார். "அண்ணே, நீங்க எந்திரிச்சிச் சொல்லுங்க. மொதல்ல இந்தப் பேச்சைக் கெளப்புனது நீங்கதானே. தம்பி மேடையில நான் ஏறி நின்னு கத்துனா குடும்பச் சண்டைம்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அன்று மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களில் ஏழெட்டுப் பேர் எங்கள் கடையில் கார் வாங்கியவர்கள். லேடி டாக்டர் ஓட்டிய கார்கள். இந்தக் காரின் கதை பொய் என்று நான் எழுந்து சொன்னால், அவர்கள் தங்கள் தங்கள் காரை நினைப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் அக்கா என்றேன். அந்தம்மா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். நான் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் கடையில் இருக்கும்போது ஈப்போவிலிருந்து போன் வந்தது. கனகசபை மாதம் ஒருமுறை எனக்குப் பேசுவது வழக்கம். கார் நன்றாக ஓடுகிறதா, மழையில் நிறுத்துகிறார்களா என்று கேட்பார்.

"தம்பி, நேற்று விழாவிலை காரை வைச்சவையாம். ஆக்கள் பாத்தவையோ?"

"நிறைய பேரு பார்த்தாங்க ஐயா. மாலையெல்லாம் போட்டிருந்தாங்க."

"ஆரின்ரை கார் எண்டு சொன்னவையோ?"

எண்பது தாண்டிய மனிதர், காரையும் ஊரையும் விட்டுப் போனவர், மனது நோகக் கூடாது என்று நினைத்தேன். இந்த முறை பொய் சொல்ல எனக்குக் கிடைத்த நியாயம் முன்னையதைவிடவும் நல்ல நியாயம்.

"உங்க பேரைத்தான் சொன்னாங்க ஐயா. மேடையில, மைக்குல. எல்லாரும் கைதட்டுனாங்க."



"நல்லது" என்றார். "பார்வதிப் பிள்ளை விடியவே போன் எடுத்து எல்லாம் சொல்லிப்போட்டா. நீர் என்ன சொல்லுவீர் எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

வைத்துவிட்டார். உடனே திருப்பி அழைத்தேன், அடுத்த நாளும் அழைத்தேன், அந்த வாரம் முழுக்க அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.